கதாபாத்திரங்கள் காப்பாளராக இயலாது

பொம்மைப் படம் பார்க்கிறவர்கள் கூடும் மாநாட்டில் கெடுபிடி இருக்காது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேயே ஆரம்பித்துவிட்டது வினை. இத்தனைக்கும் நான் விவரம் தெரியாதவன் அல்ல. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவரிடம் குழாய் இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு, அடுத்த அறைக்கு அனுப்பி, அந்த அறைக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று அவரே கண்டுபிடித்துத் திரும்பி வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவன். அலுவலகத்தில் என்னை ‘அணைக்கட்டு’ என்பார்கள். அதைப் பாராட்டு என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாநாட்டுக்குப் போக வேண்டியவள் என் மனைவி. அவளும் மகளும் ஒரு வருடமாக வீட்டுக் கூடத்தைத் தையல் கடையாக்கி வைத்திருந்தார்கள். மகள் விழுந்து விழுந்து பார்க்கும் ஏதோ ஒரு ஜப்பானிய அனிமே தொடரில் இறக்கை முளைத்த பெண் ஒருத்தி வருகிறாள். அவளைப் போலவே உடுத்திக்கொண்டு மேடையேறும் போட்டியில் மகள் பெயர் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு இறகாக வெட்டி, சாயம் தோய்த்து, கம்பியில் கட்டி, பிடிக்காமல் பிரித்து, மறுபடியும் கட்டியதை எல்லாம் நான் செய்தித்தாளுக்கு மேலாக அவ்வப்போது பார்த்திருக்கிறேன். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். கிளம்புவதற்கு முந்தின நாள் டூட்டியை மாற்றிவிட்டார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் காப்பாளர் இல்லாமல் மேடையேறக் கூடாது என்பது மாநாட்டு விதி. வீட்டில் மிச்சமிருந்த காப்பாளர் நான் ஒருவன்தான்.

“அப்பாவா?” என்றாள் மகள். மருந்துக் கடையில் ‘அது இல்லீங்க, இது இருக்கு’ என்று வேறு ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினால் நாம் கேட்போமே, அந்த மாதிரி.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அங்க யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்காதீங்கப்பா. கார்ட்டூன்னு சொல்லிடாதீங்க. அப்புறம் கொஞ்சம் தள்ளியே நடந்து வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ப்ளீஸ்” என்றாள்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு தள்ளி என்று மட்டும் கேட்டேன். அது அலுவலகப் பழக்கம்.

ரயிலில் இறக்கைகளை மேலே வைக்க இடம் போதவில்லை, கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள். ஆகவே அவை என் மடியில் பயணம் செய்தன. டீக்காரர் வந்தபோதும், இறக்கையில் சிந்திவிடும் என்று வேண்டாமென்றேன். மகள் இரண்டு வரிசை தள்ளி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இந்த இறக்கைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்ற பாவனையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் இருக்கைப் பெண்மணி வெகுநேரம் தாக்குப்பிடித்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

“என்னங்க அது? ஏதாவது மிஷினா?”

“இல்லைங்க, என் பொண்ணோட இறக்கை.”

அவர் என்னைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். பேச்சுக் கொடுக்காதே என்று மகள் சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு இறகு என் மூக்கில் ஏறி, நான் போட்ட தும்மலில் இடது இறக்கையின் மூட்டு ‘டக்’ என்றது. மகளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். காதில் அத்தனை பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டும் அவளுக்குக் கேட்டுவிட்டது.

தங்கும் விடுதியில் அறைக்கு இரண்டு கட்டில். ஒன்று மகளுக்கு, ஒன்று இறக்கைகளுக்கு. எனக்கு ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. விடுதி முழுக்க மாநாட்டுக் கூட்டம்தான். மாடிப்படியில் ஒரு ஆள் தலையில் கொம்போடு, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். முதுகில் ஐந்து வாள் செருகிய இன்னொருவன் கதவைத் தட்டி, “அங்கிள், பாத்ரூம்ல கரப்பான் பூச்சி. கொஞ்சம் வர முடியுமா?” என்று கேட்டான். அவன் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. செருப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரே அடியில் விஷயத்தை முடித்துக் கொடுத்தேன். ஐந்து வாளும் கும்பிடு போட்டன. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தக் கார்ட்டூன் உலகத்தில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அறைக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்.

“கார்ட்டூன் இல்லப்பா,” என்றாள் மகள் தலை நிமிராமல். “இதைப் பிடிங்க. அசையாதீங்க.”

தும்மலில் விட்டுப்போன மூட்டில் பசை வைத்துக்கொண்டிருந்தாள். அது காயும்வரை இரு பக்கமும் சேர்த்துப் பிடிக்க வேண்டியது என் பொறுப்பு. அவள் தலை என் தோளுக்குக் கீழே, வெகு பக்கத்தில் இருந்தது. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு அவள் வேலை செய்வதை அன்றைக்குத்தான் கவனித்தேன். கை மரத்துப்போனது. ஆனாலும் பசை சீக்கிரம் காய்ந்துவிட்டதே என்று இருந்தது. சந்தோஷமாக இருந்தேன், அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

“இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அவளுக்கு உடைச் சோதனை முடியணும், உங்களுக்குக் காப்பாளர் அட்டை வாங்கணும். நாளைக்குக் காலைல கேட்டா கிடைக்காது, திருப்பி அனுப்பிடுவாங்களாம். ஞாபகம் இருக்கில்ல?”

“என்கிட்ட விடு. வரிசைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியும். வரிசைக்கு அந்தப் பக்கம் உக்கார்ந்து தெரியும். ஒரு வருஷமா ராப்பகலா தைச்சிருக்கா. அங்க போய் உங்க ஆபீஸ் பவிசைக் காட்டி எதையாவது கெடுத்து வெக்காதீங்க.”

மாநாட்டு மண்டபம் விடுதிக்கு எதிரிலேயே இருந்தது. வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். மகளை முன்னால் விட்டு, பேசிக்கொண்டபடி தள்ளி நின்று, நானும் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண் ஓடி வந்தாள்.

“சார், இங்க நிக்காதீங்க.”

“வரிசைலதானேம்மா நிக்கறேன்?”

“இது வரிசை இல்ல சார். வரிசைல நிக்கறதுக்குத் தகுதி பார்க்கற இடம். வரிசை உள்ள இருக்கு. அதைப் பார்க்கணும்னா முதல்ல இங்க நிக்கணும். ஆனா இங்க நிக்கறதுக்கு நீங்க அங்க நின்னு வந்திருக்கணும்.”

அவள் காட்டிய ‘அங்க’வில் இன்னொரு கூட்டம் நின்றது. எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. இத்தனை வருட சேவையில் எனக்கு இது தோன்றாமல் போய்விட்டதே! ஊருக்குப் போனதும் எங்கள் அலுவலகத்திலும் ஒன்று ஏற்பாடு செய்யவேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மேலே ஒலிபெருக்கி இனிமையான குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது: “அன்பர்களே, கொண்டாட்டம் நாளைக் காலை பத்து மணிக்குத் தொடங்கும். அதற்கு முன்பாக யாரும் கொண்டாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.”

அங்கே நின்று, இங்கே நின்று, கடைசியில் உள்ளே இருந்த அசல் வரிசைக்கு வந்தபோதுதான் இளவட்டங்கள் என்னைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். நீலத் தலைமுடி வைத்த ஒரு பெண், “சார், உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்றாள். எடுத்துக்கொண்டாள். அவள் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். ஒருவன் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்து, “சூப்பர் சார்” என்றான். வயதுக்கும் அனுபவத்துக்கும் இந்தத் தலைமுறை மரியாதை கொடுப்பதில்லை என்று யார் சொன்னது? மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் நின்று காட்டினேன். அந்தப் பக்கம் மகளின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கும் பெருமையாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

உடைச் சரிபார்ப்புக் குழு ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர். என் வயது இருக்கும். வெள்ளிநிறப் பொய்முடி, கறுப்பு அங்கி, மார்பு நிறைய பேட்ஜுகள். பொய்முடிக்குள் பேனாவை விட்டுச் சொறிந்தபடி எதிரில் நிற்பவரை ஏறிட்டுப் பார்க்காமலே இருந்த அழகைக் கண்டதும் தெரிந்துவிட்டது, நம்ம ஆள்.

மகளின் முறை வந்தது. ஒருவர் அடிக்கோலால் இறக்கைகளை அளந்தார். இன்னொருவர் கைபேசியில் தொடரை ஓடவிட்டு, நிறுத்தி, இறகுகளை எண்ணினார். இருவரும் தலைவரின் காதில் ஏதோ சொன்னார்கள்.

“இடது இறக்கைல ஒண்ணு கூடுதலா இருக்கு,” என்றார் தலைவர். “நீங்களே எடுத்துடுங்க. நாங்க எடுத்தா வன்முறை.”

மகள் இறக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். நாங்கள் மத்தியானம் ஒட்டிய மூட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. அதைக் கவனித்தோ என்னவோ தலைவர் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“நாங்க ரொம்பக் கண்டிப்புன்னு வெளியில பேசிக்கறாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்க எல்லாரும் சுதந்திரமா இருக்கணும். எப்படிச் சுதந்திரமா இருக்கணும்னு மட்டும் நாங்க சொல்லுவோம். அவ்வளவுதான். போன வருஷம் ஒருத்தர் சொந்தமா ஒரு கதாபாத்திரத்தைக் கற்பனை பண்ணி உடுத்திட்டு வந்துட்டார். கற்பனை! இங்க! அவரைச் சமாதானப்படுத்தி ஊருக்கு அனுப்பறதுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. கற்பனையைக் காப்பாத்தணும்னா அதை யார் கையிலயும் கொடுக்கக் கூடாது. அதுக்குத்தான் குழு இருக்கு.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மகளுக்கு மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டினார்கள். இனி காப்பாளர் அட்டை ஒன்றுதான் பாக்கி. நான் பக்கத்துக் கவுண்டருக்குப் போய், பல்லைக் காட்டி, “இந்தப் பொண்ணுக்குக் காப்பாளர் நான்தாங்க” என்றேன்.

கவுண்டர் அம்மாள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இளமஞ்சள் அரைக்கைச் சட்டை, பையில் பேனா, தோளில் குறுக்காக மகளின் பை.

“முடியாது சார். கதாபாத்திரங்கள் காப்பாளராக இயலாது. விதி.”

“நான் கதாபாத்திரம் இல்லைங்களே.”

“எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. வேஷத்தைக் கலைச்சுட்டு வாங்க, அட்டை தரேன்.”

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மகளின் அந்தத் தொடரில் இறக்கைக்காரப் பெண்ணுக்கு ஒரு அப்பா இருக்கிறாராம். ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா. இளமஞ்சள் சட்டை, பேனா, கண்ணாடி. மகள் உலகத்தைக் காப்பாற்றப் பறந்து போகும்போதெல்லாம் அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். மூன்று சீசனாக அதைத் தவிர அவர் வேறொன்றும் செய்ததில்லை. ரசிகர்கள் அவருக்கு ‘வாசல் அப்பா’ என்று பெயர் வைத்து உயிரையே விடுகிறார்கள். இவ்வளவு நேரம் என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் மரியாதை செலுத்தியது அவருக்கு.

திருதிருவென்று விழித்தேன். எப்போதும் போலக் காலையில் கைக்குக் கிடைத்ததை உடுத்திக்கொண்டு வந்தவன் நான். அது வேஷமாம்.

சரி, சட்டைதானே. விடுதிக்கு ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தேன். என் பெட்டியில் இருந்த இன்னொரு சட்டையும் இளமஞ்சள்தான். வீட்டிலும் அப்படித்தான். ஒரே நிறமாக எடுத்துவிட்டால் காலையில் யோசிக்க வேண்டியதில்லை என்று நானே செய்துகொண்ட ஏற்பாடு. அதன் சாமர்த்தியத்தைப் பலரிடம் விளக்கியும் இருக்கிறேன்.

“மாற்று உடை!” என்றார் கவுண்டர் அம்மாள், பக்கத்தில் இருந்தவரிடம். “ரெண்டு செட் தைச்சுக் கொண்டுவந்திருக்காரு பாருங்க. என்ன ஈடுபாடு!”

அலுவலக அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். இருபது வருடங்களாக எத்தனை பேர் வாயை அடைத்த அட்டை அது! குழுவே எழுந்து வந்து கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. தலைவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா தொடர்ல அவருக்குத் தபால் ஆபீஸ். குடிநீர் இல்ல. அப்புறம் இந்த முத்திரை, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் போலியாத் தெரியுது. நிஜ ஆபீஸ்ல இவ்வளவு கோணலா குத்த மாட்டாங்க.”

குத்தியது நான்தான். அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கவுண்டர் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மண்டபத்து ஓரக் கடையில் ஒரு டி-சர்ட் வாங்கினேன். பெரிய கண்களோடு ஒரு பெண் பூனையைக் கட்டிப்பிடித்திருக்கும் படம். என் அளவு தீர்ந்துவிட்டது, இருந்ததில் புகுந்துகொண்டேன். என்னை அந்தக் கோலத்தில் பார்த்ததும் மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். போகட்டும், எந்தக் குமாஸ்தாவும் இப்படி உடுத்தமாட்டான், இனி சந்தேகத்துக்கே இடமில்லை என்று கவுண்டரில் போய் நின்றேன்.

தலைவரே எழுந்து வந்துவிட்டார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“இரண்டாம் சீசன். காய்ச்சல் எபிசோட். துவைச்ச சட்டை காயாம, பொண்ணோட டி-சர்ட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பார். அது தெரிஞ்சவங்க எங்க குழுவுலயே மூணு பேருதான். யார் சார் நீங்க?”

“அதைத்தாங்க நானும் இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்!” என்று கத்திவிட்டேன். “நான் இவளுக்கு நிஜ அப்பா! எனக்கு உங்க தொடர் தெரியாது, எபிசோட் தெரியாது, எனக்கு இந்தக் கார்ட்டூனே பிடிக்காது!”

ஊதல்காரப் பெண்ணின் வாயிலிருந்து ஊதல் தானாக விழுந்தது. கவுண்டர் அம்மாள் பலகையை இறக்க ஆரம்பித்தார். ஒரு வருட உழைப்பு. வாயைக் கொடுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்போது மகள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். இறக்கை அகலத்துக்குக் கூட்டம் தானாக வழிவிட்டது. நேராக மேசைக்கு வந்து நின்றாள்.

“அவர் என் அப்பாதான்,” என்றாள்.

“தெரியும்மா,” என்றார் தலைவர் கனிவாக. “தொடர்லயும் உனக்கு அப்பாதான்.”

“ஐயோ, தொடர்ல இல்ல! வீட்ல! எங்க வீட்ல இருக்கற அப்பா!” அவள் குரல் உடைந்தது. “இவர் எதைப் பார்த்தாலும் கார்ட்டூன்னுதான் சொல்வார். ஒரு வருஷமா நான் தைக்கறேன், என்ன தைக்கறேன்னு ஒரு நாள்கூடக் கேக்கல. ரயில்ல முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டல்லாம் என் பொண்ணோட இறக்கைன்னு சொல்றார். போன்ல பேசினா தெருவுக்கே கேக்கும். இப்படி ஒரு மானம்போற டி-சர்ட்டை எனக்காக மாட்டிட்டு வந்து நிக்கறார். காலைலேர்ந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கல, குடிச்சா இறக்கைல சிந்திடுமாம். இதையெல்லாம் யார் சார் எழுதுவாங்க? எந்த ஊர்ல இப்படி ஒரு கதாபாத்திரம் இருக்கு?”

டீ விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று புரியவில்லை. பூனையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் அங்கி நுனியால் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டுக் குழுவின் பக்கம் திரும்பினார். நான்கு தலைகள் கூடிக் கிசுகிசுத்தன.

“இந்த வசனம் தொடர்ல இல்ல,” என்று அறிவித்தார். “விதிப்படி மார்க் குறைக்கணும். ஆனா மனசைத் தொட்டதால குழு பாதி மார்க்தான் குறைக்குது. காப்பாளர் அட்டை மட்டும் தர முடியாது. கதாபாத்திரத்துக்குக் கொடுத்தா நாளைக்கு அந்தக் கொம்பு வெச்சவர் வந்து கேப்பார். ஆனா ஒரு வழி இருக்கு. ரெண்டு பேரும் ஜோடிப் பதிவா மேடையேறலாம். அப்பாவும் பொண்ணும். கதையிலேயே அப்பா கூட இருக்கறதால தனியாக் காப்பாளர் தேவைப்படாது. விதியும் மீறல, யாரையும் திருப்பி அனுப்பல. எங்க குழு எவ்வளவு நெகிழ்வானதுன்னு நீங்க வெளியில நாலு பேர்கிட்டச் சொல்லணும்.”

நான் அசந்துபோனேன். நிஜ அப்பாவாக இருந்தால் அவளோடு வரக்கூடாது, போலி அப்பாவாக இருந்தால் மேடைவரை வரலாம். என் ஆயுளில் இப்படி ஒரு உத்தரவை என்னால் எழுதியிருக்க முடியாது. அந்த மனிதர் எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் ஊரில் ஒருவனுக்கும் தாகமே எடுத்திருக்காது.

மகளை ஓரமாக அழைத்துப் போனேன்.

“வேணாம்மா. நான் மேடையேறினா உன் ஒரு வருஷ உழைப்பு வீணாயிடும். எனக்கு அங்க நிக்கவே தெரியாது. எல்லாரும் சிரிப்பாங்க, அது உன் மேலயும் விழும். அடுத்த வருஷம் அம்மாவோட வா. நான் லீவு போட்டு வீட்டைப் பார்த்துக்கறேன்.”

“அடுத்த வருஷம் எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடும்பா,” என்றாள். “யாரும் கூட வரவேண்டியதில்ல.”

அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை. அவள் என்னையே சற்று நேரம் பார்த்தாள். நான் கூட்டத்தில் அவளை எங்கெல்லாம் எப்படியெல்லாம் சங்கடப்படுத்தக்கூடும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்று தோன்றியது. பெரிய படமாகத்தான் ஓடியிருக்கும்.

“முதல்ல அந்தப் பூனையைக் கழட்டுங்க,” என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கழிப்பறைக்கு ஓடி, கையைத் தூக்கி, மூச்சுமுட்டி, எப்படியோ டி-சர்ட்டிலிருந்து விடுபட்டு, இளமஞ்சள் சட்டைக்குள் திரும்பி வந்தேன். குழு என்னைச் சுற்றி வந்து சோதித்தது. பை இடது தோளில் இருக்க வேண்டும் என்றார்கள், மாற்றிக்கொண்டேன். பேனா இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும் என்றார்கள், சாய்த்துக்கொண்டேன். தோற்றத்தில் சோர்வு போதாது என்று ஒருவர் குறை சொன்னார். நாளைக் காலைக்குள் சரியாகிவிடும், எனக்கு இரவு நாற்காலியில்தான் படுக்கை என்று மகள் உறுதி கொடுத்தாள். மொத்தத்தில் எனக்குப் பத்துக்கு ஆறரை. அப்பாவாக நான் தேறிவிட்டேன் என்று தலைவர் கைகுலுக்கினார். அதில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, மறைப்பானேன்?

கடைசியாக ஜோடி அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைத் திரையின் முன்னால் எங்களை நிறுத்தினார்கள். கேமராக்காரர் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். மகள் என் பக்கத்தில் நின்றாள். ஒரு இறக்கை என் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. என்ன இருந்தாலும் நாளைக்கு ஆயிரம் பேர் முன்னால் அவள் அப்பாவாக நிற்கப்போகிறவன், கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டாமா? மூச்சை நன்றாக இழுத்துத் தொப்பையை உள்ளே அடக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, அசையாமல் நின்றேன்.

கேமராக்காரர் “ரெடியா?” என்றார்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் மகள். என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: “வயித்தை விடுங்கப்பா. வேற யாரோ மாதிரி இருக்கீங்க.”